அழிப்பதற்கு முன் பார்க்கவும்

சிரிப்பு வரும். சத்தியமாக வரும், வராவிட்டால் என் பெயர் கெசியா இல்லை, ஆனால் இப்போதே கேட்டால் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மணி இரண்டரை, எதிரே பியூலா அக்கா லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள், நான் வாசிக்க வேண்டும், அவள் கேட்க வேண்டும், அதுதான் அவள் முறை. எழுதியதைக் கண்ணால் திருத்த மாட்டாள். எழுதினவளின் கண் எழுத நினைத்ததைத்தான் பார்க்கும், எழுதியதைப் பார்க்காது என்பாள். அதனால் யாராவது சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், அந்த யாராவது எப்போதும் நான்தான், அதுவும் ஒரே குரலில் வாசித்தால் காது தூங்கிவிடுமாம், ஆளுக்கொரு குரலாக மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். விளக்கங்களுக்கு ஏழாம் வீட்டு சொர்ணம் டீச்சர், மூக்கால், ஒவ்வொரு சொல்லையும் பிரம்பால் தட்டித் தட்டி. கட்டளைகளுக்கு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக்காரி. எச்சரிக்கைகளுக்கு மூணாம் வீட்டு தாவூது மாமா, முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த குரல், படியில நிக்காத, உள்ள ஏறி வா. எனக்கு எல்லாக் குரலும் வரும். எட்டாம் வகுப்பில் என் குரல் இறங்கியது. பெண் பிள்ளைகளுக்கு இறங்காது என்பார்கள், எனக்கு இறங்கியது, சர்ச் பாடகர் குழுவில் ஆண்கள் வரிசையின் ஓரத்தில் நிற்க வைத்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள், நான் அழவில்லை, அன்றைக்குச் சாயங்காலமே பாஸ்டர் குரலில் மணி அடிப்பவருக்குப் போன் போட்டு ஆராதனையை அரைமணி நேரம் முன்னதாக ஆரம்பிக்க வைத்தேன். அன்றிலிருந்து சிரிக்கிற பக்கம் என் பக்கம். இன்றைக்குத்தான் வாய் வரவில்லை. "என்னட்டி, கேத வீட்டுல சாவுச் செய்தி வாசிக்க மாதிரி வாசிக்க? டீச்சரைப் போடு." போடுகிறேன். "தரவை நீக்குதல். இந்தப் பக்கத்தில், வரைபடத் தரவுத்தளத்திலிருந்து கணுக்களையும் தொடர்புகளையும் நீக்குவது எப்படி என்று பார்ப்போம்." டீச்சர் வருகிறாள், ஆனால் சளி பிடித்த டீச்சர். அக்கா கண்ணைத் திறக்காமல் சிரிக்கிறாள். நான்கு மணிக்கு மீட்டிங். இன்னும் ஒன்றரை மணி நேரம். சிரி, சிரித்துக்கொள்.

கணு என்றால் புள்ளி, தொடர்பு என்றால் கோடு, அவ்வளவுதான் விஷயம், எனக்கே புரிந்துவிட்டது. அக்கா வேலை பார்க்கிற கம்பெனியின் மென்பொருளில் தரவு பட்டியலாகப் படுத்துக் கிடக்காது, புள்ளியும் கோடுமாகப் பரந்து கிடக்கும். ஆள் ஒரு புள்ளி, ஊர் ஒரு புள்ளி, இவர் அந்த ஊர்க்காரர் என்பது நடுவில் ஒரு கோடு. அதை எப்படிச் சேர்ப்பது, எப்படித் தேடுவது, எப்படி அழிப்பது என்று தமிழில் உதவிப் பக்கம் எழுதுவது அக்காவின் வேலை, பாளையங்கோட்டையில் இந்த ஹவுசிங் போர்டு வீட்டு ஹாலில் இருந்தபடியே. ஆறு மாதம் தகுதிகாண் காலம், இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, வைத்துக்கொள்ளலாமா அனுப்பிவிடலாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் கோயம்புத்தூரில் இருக்கிற நாச்சிமுத்து சார். அந்தப் பெயர் இப்போது வேண்டாம். பயிற்சிக்கு என்று அக்கா எங்கள் பிளாக்கையே புள்ளியும் கோடுமாகப் போட்டு வைத்திருக்கிறாள், ஒவ்வொரு கட்டளையையும் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் எழுதுவாள். ஆளுக்கொரு வட்டம். இவர் அவரிடம் 'பேசுவார்' என்று பச்சைக் கோடு, 'பேசமாட்டார்' என்று சிவப்புக் கோடு. முதல் தடவை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன், இன்றைக்குத் திரையின் ஓரத்தில் அது திறந்தே கிடக்கிறது, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசிக்கப் பார்க்கிறேன், கண் போகிறது. தாவூது மாமாவுக்கும் சொர்ணம் டீச்சருக்கும் நடுவில் சிவப்பு. மாமா குரலில் டீச்சருக்குப் போன் போட்டு, மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்குறியே, நீ பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப்போற என்று கேட்டது யார்? தையல்காரர் ஞானதுரைக்கும் அசோசியேஷன் செயலாளருக்கும் நடுவில் சிவப்பு. அதுவும் யார்? கீழே, மூலையில், அம்மா வட்டம், மாடி வீட்டு லிஸி ஆன்ட்டி வட்டம், நடுவில் சிவப்பு. அதைப் பார்க்காதே, வாசி. "ஒரு தொடர்பை மட்டும் நீக்கினால், அதன் இரு முனைகளிலும் உள்ள கணுக்கள் அப்படியே இருக்கும்." இருக்கும். அம்மா அப்படியே இருக்கிறாள். லிஸி ஆன்ட்டி அப்படியே இருக்கிறாள். சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து மார்க்கெட் வரைக்கும் நடப்பார்கள், பதினோரு வருஷப் பழக்கம், இப்போது அம்மா மட்டும் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கமாக, கல்லறைத் தோட்டம் வழியாகப் போகிறாள். நீங்க வழியெல்லாம் பேசிக்கிட்டே வாரது எனக்குத் தலை வலிக்குக்கா, இனிமே தனியாப் போங்க. நான்தான் சொன்னேன், லிஸி ஆன்ட்டி குரலில், அந்த இழுவையோடு, அம்மா எதிர்த்துக் கத்துவாள், நான் என் குரலில் சிரித்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று. அம்மா கத்தவில்லை. "சரி லிஸி" என்று போனை வைத்துவிட்டாள். அந்த இரண்டு சொல்லுக்கு அப்புறம் எப்படிச் சிரிப்பது, சொல்லுங்கள்.

"அடுத்தது வாசி. எங்க பராக்கு பாக்க?" வாசிக்கிறேன், ஸ்டேஷன்காரி. "தொடர்புகள் உள்ள கணுவை, டெலீட் என்ற கட்டளையால் மட்டும் நீக்க முடியாது. தரவுத்தளம் பிழை காட்டி நிறுத்திவிடும்." இது எனக்குப் பிடித்த இடம். ஒரு கோடாவது மிச்சம் இருந்தால் அந்த ஆளை அழிக்க விடாது. ஆனால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது, டீட்டாச் டெலீட் என்று கொடுத்தால் போதும், ஆளையும் அழித்து, ஆள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற அத்தனை கோட்டையும் சேர்த்துப் பிய்த்துப் போட்டுவிடும், ஒரு கேள்வி கேட்காது. அதனால் அக்கா முதலில் எழுதினபோது அந்தக் கட்டளைக்கு மேலே ஒரு படி வைத்திருந்தாள். அழிப்பதற்கு முன் பார்க்கவும். எதை அழிக்கப் போகிறீர்களோ அதை முதலில் 'காட்டு' என்று கேளுங்கள், எத்தனை கோடு போகும் என்று கண்ணால் பாருங்கள், திரும்பக் கிடைக்காது, அப்புறம் அழியுங்கள். நாலே வரி. அந்த நாலு வரி இப்போது பக்கத்தில் இல்லை. இல்லாமலே பக்கம் வெளியே போய்விட்டது. போன வாரம் ரத்ததானக் குழு ஒன்று, யாரோ பாவம், மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியின் புள்ளியை எடுத்துவிடுவோம் என்று அக்காவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் இருந்தபடியே கட்டளை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியோடு சேர்ந்து ஆயிரத்து நூற்று நாற்பது கோடு போய்விட்டது. ஆட்கள் இருக்கிறார்கள், பெயர் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது, யார் எந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்பது இல்லை. புது ஆஸ்பத்திரிக்கு மாற்ற வைத்திருந்த கோடுகள். ஆறு நாளாக ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நேற்று நாச்சிமுத்து சாரிடமிருந்து மெயில், அந்தப் படியை யார் எடுத்தது, ஏன் எடுத்தது, பக்கம் முழுவதையும் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வாருங்கள், மேலாளரும் இருப்பார். அக்கா மெயிலை வாசித்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? பயப்படவில்லை. "சாரே சொல்லிட்டு சாரே மறந்துட்டாரு பாத்தியா" என்று சிரித்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது. ஒரு கோட்டுக்கு இரண்டு நிமிஷப் போன் என்றால் கூட, வேண்டாம், கணக்குப் போடாதே. அதில் யாருக்காவது இந்த ஆறு நாளில் ரத்தம் தேவைப்பட்டிருந்தால்? கேட்டுவிடலாமா? "எக்கா." "ம்?" "அந்த ஆஸ்பத்திரிக்காரங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலேல்லா?" "ஆகலன்னுதான் போட்டிருந்தாரு. நீ வாசி." மூச்சு வருகிறது. கொஞ்சம்தான் வருகிறது.

சரி, சிரிப்பைச் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் தள்ளினால் புளித்துவிடும். பதினேழு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, எனக்குப் பரீட்சைக்குப் படிக்கிற லீவு, எதிர் பிளாக் படிக்கட்டு ஜன்னலில் நின்றால் எங்கள் ஹால் முழுதாகத் தெரியும், கையில் என் கிளாஸ் ஜெமிமாவின் இரண்டாவது போன், எல்லாக் குரலுக்கும் இதே போன்தான், அந்த நம்பர் எங்கள் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. நாச்சிமுத்து சார் குரல் ஆறு மாதமாகத் தினமும் காலை ஒன்பதரைக்கு எங்கள் ஹாலில் கேட்கிற குரல், இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் எதையும் சொல்வார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ங்க ஒட்டுவார், எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. க்ஹும், க்ஹும், பியூலாங்களா, நான் நாச்சிமுத்து பேசறனுங்க, நம்ம போனு சார்ஜ் போயிருச்சுங்க, இது வீட்டு நம்பருங்க. இப்போது பாருங்கள், இதுதான் சிரிப்பு. என் அக்கா, வீட்டில் அம்மாவே கூப்பிட்டாலும் அசையாத அக்கா, தண்ணி மோந்து தா என்றால் உனக்குக் கை இல்லியா என்று கேட்கிற அக்கா, நைட்டியோடு எழுந்து நின்றாள். நின்றது மட்டுமா, கொடியில் கிடந்த துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். போனில் துப்பட்டா தெரியுமா? "சொல்லுங்க சார். சரிங்க சார். ஆமா சார்." காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி. எனக்கு அங்கே படிக்கட்டில் வயிறு வலிக்கிறது, வாயில் கையை வைத்துக் கடித்துக்கொண்டு பேசுகிறேன், ஏதாவது சொல்லியாக வேண்டும், முந்தின நாள் நான் வாசித்த பக்கத்தில் ஞாபகம் வந்ததைச் சொன்னேன், ஏனுங்க, அந்த அழிக்கறதுக்கு முன்னாடி பாருங்க பாருங்கன்னு எழுதியிருக்கறீங்களே, படிக்கறவங்க என்னுங்க சின்னப் பசங்களா, அதைத் தூக்கிப்போடுங்க. "இல்ல சார், அது இல்லன்னா..." அவள் எதிர்த்தாள். அதை மறக்க மாட்டேன், ஒரு தடவை எதிர்த்தாள். தூக்கிப்போடுங்கன்னா தூக்கிப்போடுங்க, அனுப்பி உடுங்க. "சரிங்க சார்." சிரித்தாயிற்றா? நானும் சிரித்தேன். அதோடு வைத்திருந்தால் வீட்டுக்கு ஓடிப்போய் க்ஹும் க்ஹும் என்று சொல்லி, அவள் துடைப்பத்தால் ஒன்று போட்டு, அந்த நாலு வரி திரும்ப வந்திருக்கும். நான் வைக்கவில்லை. கடைசியில் ஒரு வரி கூடப் போட்டேன், நன்றாக இருக்குமே என்று, குரல் அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்ததால். மத்தபடி ரொம்ப நல்லா எழுதறீங்க பியூலா, இத்தனை வருசத்துல இப்படித் தெளிவா எழுதற ஆளை நான் பாத்ததில்லீங்க, மீட்டிங்குல சொன்னா மத்தவங்க சங்கடப்படுவாங்க, அதான் தனியாக் கூப்பிட்டனுங்க. ஜன்னலில் அவள் தெரிந்தாள். நின்றுகொண்டே இருந்தாள். போனை வைத்த பிறகும் நின்றாள், அப்புறம் துப்பட்டாவின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆறு மாசத்துல ஒரு நாளு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லம்மா, இன்னைக்கு அவரே கூப்பிட்டு, என்று. என் வாயில் க்ஹும் தயாராக இருந்தது. விழுங்கினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கினேன், மறுநாள் அவள் காலையில் ஐந்து மணிக்கே எழுந்து அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தாள், அதற்கு மறுநாள் அந்த வரியை எனக்கே சொல்லிக் காட்டினாள், இப்படித் தெளிவா எழுதற ஆளை, என்று, நான் சொன்னதை எனக்கே, ங்க எல்லாம் உதிர்த்துவிட்டு. ஒவ்வொரு நாளும் சொல்ல முடியாததாகக் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. இப்போது மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு மேலாளர் முன்னால் அவள் சொல்வாள், நீங்கதான சார் போன்ல சொன்னீங்க. அவர் சொல்வார், நான் எப்பங்க கூப்பிட்டேன். இவள் மறுபடி சொல்வாள், இன்னும் அழுத்தமாக, நம்பிச் சொல்வாள், அந்த நல்ல வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிடுவாளோ, மேலாளர் திரையில் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொல்லுகிற பெண் என்று எழுதி அனுப்புவார்கள். சொல்லிவிடு. இப்போது வாய் திறந்தால் ஒரு நிமிஷம், இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கும், அவள் அழுதுவிட்டு முகம் கழுவ நேரம் இருக்கும். "எக்கா." "சொல்லு." "இல்ல, தண்ணி வேணுமா?" "நீயா கேக்க? சாயங்காலம் மழைதான்." சிரிக்கிறாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். "எனக்கே உள்ளுக்குள்ள கொஞ்சம் உதறலாத்தான் இருக்கு கெசியா. ஒண்ணு செய்யேன். எங்க சார் மாதிரி கேளு பாப்போம், ஏன் எடுத்தீங்கன்னு. நான் பதில் சொல்லிப் பாக்கேன்." "அந்த ஆளு குரலு எனக்கு வராதுக்கா." "உனக்கா? ரயில்வே ஸ்டேஷனே வருது." "கோயம்புத்தூர்க்காரங்க பேச்சு பிடிபட மாட்டேங்குது." "தினமும் கேக்கதான?" "கவனிச்சதில்ல." பொய். பொய் என்று என் காதுக்கே தெரிகிறது, வாசித்தால் தப்பு தெரியும் என்பாளே, அப்படித் தெரிகிறது. அவள் ஒரு விநாடி கூடுதலாகப் பார்க்கிறாள், அப்புறம் தோளைக் குலுக்கிவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.

நாலு வரியைத் திரும்ப எழுதுகிறாள். சார் என்ன சொன்னாலும் சரி, இது இருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டுகிறாள், நான் அன்னைக்கே பிடிவாதமா நின்னிருக்கணும், ஒரு நல்ல வார்த்தைக்கு மயங்கிட்டேன். மயங்கிட்டேன். அந்தச் சொல் போய் எங்கோ குத்துகிறது. படி எழுதியாயிற்று, ஓட்டிப் பார்க்க ஒரு உதாரணம் வேண்டும், எதை அழிக்கலாம் என்று கேட்கிறாள், வட்டங்களைப் பார்த்துக்கொண்டு. என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. "அந்தச் சிவப்புக் கோட்டையெல்லாம் அழிச்சிருவோமேக்கா. பேசமாட்டாரு எல்லாத்தையும்." அழித்தால் என்ன ஆகப்போகிறது, திரையில்தான் போகும், தெரியும், ஆனாலும் ஒரு விநாடி அம்மாவுக்கும் லிஸி ஆன்ட்டிக்கும் நடுவில் ஒன்றுமில்லாமல் வெள்ளையாக இருக்கட்டுமே, நான் பார்த்துக்கொள்கிறேனே. "எழுதேன், அழின்னு குடு." "அழிப்பதற்கு முன் பார்க்கவும்" என்று அவள் விரலைத் தூக்கிச் சொல்கிறாள், சொர்ணம் டீச்சர் மாதிரி, அவளுக்குச் சுத்தமாக வரவில்லை, எனக்கு அழுகை வருகிறது. பேசமாட்டார் என்ற எல்லாக் கோட்டையும், அதில் உள்ள எல்லாத் தகவலோடும், காட்டு. தட்டுகிறாள். நாலு வரிசை வந்து நிற்கிறது. இரண்டு பெயர், எந்த மாதத்திலிருந்து, அப்புறம் ஒரு கட்டம், காரணம். கோட்டுக்குள்ளே காரணம் என்று ஒன்று அவள் எழுதி வைத்திருப்பது எனக்குத் தெரியாது. படத்தில் அது தெரியாது, காட்டு என்று கேட்டால்தான் தெரியும்.

தாவூது, சொர்ணம்: போனில் திட்டியது. ஆறாம் வீடு, எட்டாம் வீடு: நாய். ஞானதுரை, செயலாளர்: போனில் மரியாதைக் குறைவு. அம்மா, லிஸி: போனில் சொன்னது. அக்கா கட்டளையைத் தட்டப்போன விரலோடு அப்படியே இருக்கிறாள். எந்த வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கிறது. மணி மூன்று நாற்பது. "அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணாப் போட்டு வச்சேன்" என்கிறாள், என்னிடம் இல்லை, திரையிடம். "சேத்துப் பாத்ததே இல்ல." நான் நகத்தைப் பார்க்கிறேன். "தாவூது மாமா பள்ளிவாசல்ல வச்சுச் சத்தியம் பண்ணாரு, நான் போனே போடலன்னு. நம்ம யாரும் நம்பல." "ம்." "லிஸி ஆன்ட்டி இங்க வாசல்ல நின்னு அழுதாங்க, நான் அப்படிச் சொல்லலக்கான்னு. அம்மா கதவைச் சாத்திட்டா." நாய் நல்ல நாய், அந்த நாய்க்கு மட்டும் என்னோடு சம்பந்தமில்லை, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆறாம் வீடு, எட்டாம் வீடு, நாய், நாய். பேசினவர்கள் பேசவில்லை என்கிறார்கள், கேட்டவர்கள் கேட்டோம் என்கிறார்கள், இரண்டு பேரும் உண்மையைச் சொல்கிறார்கள். அவளுக்கு அது போய்ச் சேருகிறது, எனக்குத் தெரிகிறது, முகத்தில் ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சேருகிறது, நான்கு மணிக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது வரைக்கும் போகிறது. மெதுவாகத் தன் போனை எடுக்கிறாள். பதினேழு நாள் பின்னால் தள்ளித் தள்ளிப் போய் ஒரு நம்பரில் நிறுத்துகிறாள். என் பக்கம் திருப்பிக் காட்டவில்லை. "கோயம்புத்தூர்ப் பேச்சு பிடிபட மாட்டேங்குதா?" வாய் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஒருத்தரும் வரவில்லை. "அந்தப் படியை எடுன்னு சொன்னது..." தலையை ஆட்டுகிறேன். கத்துவாள் என்று காத்திருக்கிறேன், கத்தட்டும், அடிக்கட்டும், துடைப்பம் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கத்தவில்லை. திரையைப் பார்க்கிறாள், இன்னும் அழிக்காமல் நிற்கிற நாலு வரிசையை, அப்புறம் என்னைப் பார்க்கிறாள், பெரிய மனுஷி முகம் எங்கோ போய், என்னைவிடச் சின்னவள் மாதிரி.

"அப்போ, நான் நல்லா எழுதுதேன்னு சொன்னதும் நீதானாட்டி?"